நாற்பது மில்லிவினாடியும் ஒன்பது மாதமும்

ஓஸ்லோவில் உள்ள விளையாட்டுக் காய ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்தவர்கள் 2010இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டவை பத்து வீடியோக்கள். பெண்கள் ஆடிய ஹேண்ட்பால், கூடைப்பந்துப் போட்டிகளின் பதிவுகள். ஒவ்வொன்றிலும் ஆட்டத்தின் நடுவே ஒருவருடைய முழங்கால் ஜவ்வு அறுந்துபோகிறது. ஒரே காட்சியைப் பல கேமராக்களின் கோணத்திலிருந்து எடுத்து, அதன்மேல் எலும்புக்கூட்டு உருவம் ஒன்றைக் கணினியில் பொருத்தி, கால் தரையைத் தொட்டதிலிருந்து என்ன நடந்தது என்று படம் படமாக நகர்த்திப் பார்த்தார்கள். ஜவ்வு அறுந்தது ஏறக்குறைய 40 மில்லிவினாடிக்குள். ஒரு வினாடியை இருபத்தைந்தாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு.

கண் ஒருமுறை இமைக்க இதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் நேரம் ஆகும். ‘ஐயோ, கால் மடங்குகிறதே’ என்று மூளை அறிந்து, தசைக்குக் கட்டளை அனுப்பி, தசை இறுகிப் பலம் காட்டுவதற்குள் எல்லாம் முடிந்துபோயிருக்கும். அப்படியானால் நாம் ஒவ்வொரு நாளும் படியிறங்கும்போதும், பேருந்திலிருந்து குதிக்கும்போதும், பள்ளத்தில் கால் வைத்துத் தடுமாறும்போதும் முழங்கால் ஜவ்வு அறாமல் இருப்பது எப்படி? மூளை காத்திருப்பதில்லை. கால் தரையைத் தொடும் முன்பே, இந்தத் தரை எப்படி இருக்கும், எவ்வளவு வேகத்தில் இறங்குகிறோம் என்று கணித்துத் தொடைத் தசைகளைத் தேவையான அளவுக்கு இறுக்கி வைத்துவிடுகிறது. அந்தக் கணிப்புக்கு வேண்டிய செய்திகளில் ஒரு பகுதி முழங்காலுக்குள்ளிருந்தே போகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், காயம்பட்ட முழங்கால் குணமாக ஏன் அத்தனை மாதம் பிடிக்கிறது என்பதும், அந்தக் காலோடு மின் ஸ்கேட்போர்டில் ஏறி நிற்பது ஏன் அவ்வளவு நுட்பமான காரியம் என்பதும் விளங்கும்.

முழங்காலுக்குள் முதலில் போவோம். மேலே தொடை எலும்பு, கீழே கணுக்கால் வரை இறங்கும் கால் எலும்பு, முன்னால் காவலுக்குச் சிரட்டை. இரு எலும்புகளுக்கும் நடுவில் பிறைவடிவில் இரண்டு குருத்தெலும்பு வளையங்கள். இவற்றுக்கு மெனிஸ்கஸ் என்று பெயர். மூட்டின் உள்மையத்தில் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிச் செல்லும் இரண்டு நார்க்கட்டுகள். அவற்றில் முன்னால் இருப்பதைத்தான் மருத்துவமனை வராந்தாவில் எல்லாரும் ஏ.சி.எல். என்கிறார்கள். தமிழில் முன்சிலுவைப் பிணைநார் எனலாம்; அந்த வீடியோக்களில் அறுந்த ஜவ்வு இதுதான். கால் எலும்பு முன்னோக்கி நழுவாமலும் கண்டபடி முறுக்கிக்கொள்ளாமலும் பிடித்துக்கொள்வது இதன் வேலை.

இதன் நீளம் சராசரியாக 32 மில்லிமீட்டர். அகலம் ஒரு சென்டிமீட்டர் அளவு. இவ்வளவு சிறிய நார், இளம் வயதில் சுமார் 2,160 நியூட்டன் இழுவிசை வரை அறாமல் தாங்கும் என்று 1991இல் அளந்திருக்கிறார்கள்; 220 கிலோ எடையைத் தொங்கவிடுவதற்குச் சமம். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களின் நாரில் அந்தப் பலம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியிருந்தது. ஐம்பதைத் தாண்டியபின் புதிதாக ஸ்கேட்போர்டு வாங்க நினைப்பவர்கள் இந்த எண்ணை ஒருமுறை திரும்பப் படிப்பது நல்லது.

முழங்கால் சுமக்கும் பாரத்தை வெளியிலிருந்து கணக்குப் போடுவதோடு நிற்காமல், உள்ளே இருந்தே அளந்தவர்களும் உண்டு. பெர்லின் நகரின் ஷாரிட்டே மருத்துவமனையில், செயற்கை முழங்கால் பொருத்திக்கொண்ட சிலருடைய மூட்டுக்குள்ளேயே விசைமானிகளை வைத்து, அவை அனுப்பும் அளவுகளைக் கம்பியில்லாமல் பெற்றார்கள். இரண்டு காலிலும் நிற்கும்போது ஒரு முழங்காலின்மேல் உடல் எடையின் 107 சதவீதம். நடக்கும்போது 261. ஒற்றைக் காலில் நின்றால் 259. படியிறங்கும்போது 346. எழுபது கிலோ எடையுள்ளவர் படியிறங்கும் ஒவ்வொரு அடியிலும் ஒரு முழங்கால் 240 கிலோவைச் சுமக்கிறது. எடை மட்டும் இவ்வளவு பாரம் தருவதில்லை. மூட்டைச் சுற்றியுள்ள தசைகள் இறுகும்போது எலும்பை எலும்போடு அழுத்துகின்றன, அதுதான் கூடுதல் சுமை. மூட்டை நிலையாக வைத்திருக்க உடல் கொடுக்கும் விலை அது.

இனித்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஏ.சி.எல்.லை வெகுகாலம் ஒரு கயிறாக மட்டுமே பார்த்தார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் அதற்குள் நரம்பு முனைகள் இருக்கின்றன. இழுவை, அழுத்தம், அசைவு ஆகியவற்றை உணர்ந்து தண்டுவடத்துக்கும் மூளைக்கும் சொல்லும் முனைகள். கண்ணை மூடிக்கொண்டாலும் நம் கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று நமக்குத் தெரிகிறதே, அதற்குத் தன்னிலை உணர்வு என்று பெயர் வைத்துக்கொள்வோம். தசை, மூட்டுறை, தோல் எல்லாம் சேர்ந்து தரும் அந்த உணர்வில் ஏ.சி.எல்.லுக்கும் பங்கு உண்டு. கயிறு அறும்போது தந்தியும் அறுகிறது.

இதை அளந்துகாட்டிய ஆய்வு 1993இல் பிரிட்டனில் வந்தது. ஒரு காலில் மட்டும் ஏ.சி.எல். அறுந்தவர்களின் கால் எலும்பைச் சட்டென்று முன்னுக்குத் தள்ளினார்கள். அதைத் தடுக்கத் தொடையின் பின்தசை எவ்வளவு நேரத்தில் விழித்துக்கொள்கிறது என்று பார்த்தார்கள். நல்ல காலில் சராசரி 53 மில்லிவினாடி. அறுந்த காலில் 99. தசை அதேதான், நரம்பும் அதேதான். செய்தி மட்டும் ஏறத்தாழ இரண்டு மடங்கு தாமதமாகக் கிடைக்கிறது.

காயம்பட்ட சில மணி நேரத்தில் முழங்கால் வீங்கும். வீக்கம் வலியைத் தருகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். அது தசையை அணைத்துவிடுகிறது என்பது பலருக்குத் தெரியாது. 1960களிலும் 1980களிலும் நடந்த சோதனைகளில், காயமே இல்லாத நல்ல முழங்காலுக்குள் உப்புநீரை ஊசியால் ஏற்றிப் பார்த்தார்கள். இருபது முப்பது மில்லிலிட்டர் போனதுமே, அதாவது இரண்டு மேசைக்கரண்டி அளவிலேயே, தொடை முன்தசையின் உட்பக்கப் பகுதி தளர ஆரம்பித்தது. ஐம்பது அறுபதில் மற்றப் பகுதிகளும் தளர்ந்தன. மூட்டு உப்பியிருக்கிறது என்ற செய்தி தண்டுவடத்துக்குப் போக, அங்கிருந்து தசைக்குச் செல்லும் கட்டளை மட்டுப்படுத்தப்படுகிறது. எவ்வளவு மன உறுதியோடு காலைத் தூக்க முயன்றாலும் தசை முழுப்பலத்தோடு எழுந்து வராது. சில வாரங்களில் தொடை இளைத்துப்போவதற்கு ஓய்வோடு இந்தத் தடையும் ஒரு காரணம்.

அதனால்தான் இயன்முறை மருத்துவர் முதல் வாரத்தில் சொல்லித்தரும் பயிற்சி அவ்வளவு எளிமையாகத் தோன்றுகிறது. துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து, அதைக் கீழே அழுத்து, ஐந்து எண்ணு, விடு. பார்ப்பவருக்கு அது உடற்பயிற்சியாகவே தெரியாது. மூளைக்கும் தொடை முன்தசைக்கும் இடையே மங்கிப்போன தொடர்பைத் திரும்பப் பிடிக்கும் வேலை அங்கே நடக்கிறது. சில இடங்களில் தோலின்மேல் மின்முனைகளை ஒட்டி, சிறு மின்துடிப்பால் தசையைத் துடிக்க வைப்பதும் இதற்காகத்தான். பனிக்கட்டி ஒத்தடமும், காலை உயர்த்தி வைப்பதும், இறுக்கிக் கட்டுவதும் வலிக்கு மட்டுமான வைத்தியம் என்று நினைத்து அலட்சியமாக விடுபவர்கள் பலர். வீக்கம் வடியும்வரை தசை திரும்பி வராது.

உடம்பின் மற்ற நார்கள் அறுந்தால் பெரும்பாலும் தாமாகவே கூடிக்கொள்ளும். முழங்காலின் உட்பக்க ஓரத்தில் இருக்கும் பிணைநார் அப்படித்தான் கூடுகிறது. அறுந்த இடத்தில் இரத்தம் உறைந்து, அந்த உறைவே இரண்டு முனைகளுக்கும் நடுவில் பாலமாகி, அதன்மேல் புதுத் திசு வளரும். ஏ.சி.எல்.லோ மூட்டுக்குள் வழுவழுப்பான மூட்டுநீரின் நடுவில் இருக்கிறது. அங்கே இரத்த உறைவு நிலைத்து நிற்பதில்லை, கரைந்துபோகிறது. பாலம் இல்லாததால் முனைகள் பெரும்பாலும் தனித்தனியாகவே சுருங்கிவிடுகின்றன. 1917இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து அறுவை மருத்துவர் ஹே குரோவ்ஸ், நோயாளியின் தொடைப் பக்கத்திலிருந்தே ஒரு நாடாத் திசுவை எடுத்து, எலும்பில் துளையிட்டு உள்ளே நுழைத்து, புது ஏ.சி.எல். செய்து பார்த்தார். இன்று சிறு துளை வழியாகக் கேமராவை விட்டுச் செய்கிறார்கள், திசுவைத் தொடைப் பின்தசையின் நாணிலிருந்தோ சிரட்டைக்குக் கீழுள்ள நாணிலிருந்தோ எடுக்கிறார்கள். அடிப்படை யோசனை அவருடையதுதான்.

பொருத்தப்படும் அந்த ஒட்டுநாரின் வாழ்க்கை ஒரு விசித்திரக் கதை. நான்காக மடித்த பின்தசை நாண், அறுவை நடக்கும் நாளில் அசல் ஏ.சி.எல்.லைவிட வலுவானது. ஆய்வகத்தில் இழுத்தால் 4,000 நியூட்டன் வரை தாங்கும். ஆனால் அதை இடம் மாற்றி வைத்தபோது அதற்கு வந்துகொண்டிருந்த இரத்தம் நின்றுவிட்டது. உள்ளிருந்த உயிரணுக்கள் மடிகின்றன. சுற்றியுள்ள திசுவிலிருந்து புது இரத்தக் குழாய்கள் மெல்ல நுழைகின்றன, புது உயிரணுக்கள் குடியேறுகின்றன, பழைய நாரிழைகளைப் பிரித்துப் புதியவற்றை நெய்கின்றன. நாணாக இருந்தது நாளடைவில் பிணைநாராக மாறுகிறது. இந்தப் பிரித்து நெய்யும் காலத்தில், குறிப்பாக ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை, ஒட்டு மிகவும் பலவீனமாக இருக்கிறது என்று விலங்குகளில் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. நோயாளிக்கு வீக்கம் வடிந்து, வலி குறைந்து, ஊன்றுகோலைத் தூக்கிப்போட்டு, ‘எனக்கு எல்லாம் சரியாகிவிட்டது’ என்று தோன்றுவதும் சரியாக அதே வாரங்களில்தான். காலின் உணர்வும் காலின் நிலையும் இந்த அளவுக்கு எதிரெதிராக நிற்கும் காலம் வேறில்லை.

எவ்வளவு காலம் பொறுக்க வேண்டும்? அமெரிக்காவின் டெலவேரும் நார்வேயின் ஓஸ்லோவும் இணைந்து 106 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு 2016இல் வந்தது. திருப்பமும் குதிப்பும் உள்ள விளையாட்டுக்குத் திரும்புவதை அறுவைக்குப் பிறகு ஒன்பது மாதம் வரை தள்ளிப்போட்டவர்களுக்கு, தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாய விகிதம் பாதி பாதியாகக் குறைந்தது. காயம்பட்ட காலின் தொடை முன்தசை நல்ல காலின் பலத்தில் 90 சதவீதத்தையாவது எட்டியிருந்தவர்களுக்கும் ஆபத்து குறைவு. ஆகவே நாள்காட்டி ஒரு சோதனை, தசை இன்னொரு சோதனை. இரண்டிலும் தேற வேண்டும். மெனிஸ்கஸ் தைத்தவர்களுக்கும் எலும்பு முறிந்தவர்களுக்கும் கணக்கு வேறு. அதை அவரவர் மருத்துவர்தான் சொல்ல முடியும்.

இப்போது பலகைக்கு வருவோம். ஸ்கேட்போர்டு பிறந்தது 1950களின் கலிபோர்னியாவில், கடலில் அலை இல்லாத நாளில் சாலையில் சறுக்கிப் பார்க்க ஆசைப்பட்டவர்களிடம். 1970களில் அதில் பெட்ரோல் எஞ்சினை மாட்டிப் பார்த்தார்கள். சத்தமும் புகையும் தாங்காமல் 1977இல் அந்த மாநிலம் மோட்டார் பலகைகளுக்குத் தடை போட்டது. லித்தியம் மின்கலமும் சிறிய மோட்டாரும் கைக்கு வந்தபின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துப் பொறியாளர்கள் சிலர் 2012இல் பூஸ்டெட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். இலேசான பலகை, உள்ளங்கையில் அடங்கும் ரிமோட் என்ற வடிவம் அவர்கள் மூலம் உலகமெங்கும் பரவியது. அந்த நிறுவனம் 2020இல் மூடப்பட்டது, வடிவம் நிலைத்துவிட்டது. கலிபோர்னியாவும் 2016 ஜனவரியிலிருந்து மின் பலகைகளை அனுமதித்தது. சராசரி 1,000 வாட்டுக்குள் மோட்டார், ஓட்டுபவருக்குப் பதினாறு வயது, தலைக்கவசம், மணிக்கு 15 மைல் உச்சவேகம் ஆகியவை நிபந்தனைகள். பதினைந்து மைல் என்பது 24 கிலோமீட்டர்.

முழங்கால் குணமாகிக்கொண்டிருப்பவரை இந்தப் பலகை ஏன் இழுக்கிறது? சாதாரண ஸ்கேட்போர்டில் ஒரு காலை மடக்கி அதன்மேல் முழு உடலையும் நிறுத்திக்கொண்டு, மறுகாலால் தரையை உந்த வேண்டும். உந்தும் ஒவ்வொரு முறையும் ஒற்றைக் கால் நிலை. பெர்லின் அளவுகளின்படி முழங்காலுக்கு எடையின் இரண்டரை மடங்குக்கும் மேல். மின் பலகையில் உந்தல் இல்லை. இரண்டு காலையும் வைத்துக்கொண்டு நிற்கலாம். பாரம் பாதிக்கும் கீழே. இது நல்ல செய்திதான். ஆனால் உந்த முடியாமல் கால் தள்ளாடுவதே, ‘இன்னும் நீ தயாராகவில்லை’ என்று சொல்லக்கூடிய ஒரு சோதனையாக இருந்தது. மோட்டார் அந்தச் சோதனையைத் தள்ளுபடி செய்துவிடுகிறது. பலவீனமான காலும் பலமான காலும் ஒரே வேகத்தில் போகின்றன. என்னைக் கேட்டால், மின் பலகையின் மிகப் பெரிய ஆபத்து அதன் வேகத்தில்கூட இல்லை, இந்தத் தள்ளுபடியில்தான் இருக்கிறது.

மோட்டாரும் ஓர் அதிசயம். உள்ளே உரசும் கரித்துண்டு எதுவும் இல்லை. மூன்று தொகுதியாகச் சுற்றிய செம்புக்கம்பிகள், அவற்றைச் சூழ நிலைக்காந்தங்கள். காந்தம் இந்தக் கணத்தில் எங்கே இருக்கிறது என்று உணரிகள் சொல்ல, கட்டுப்பாட்டுச் சுற்று ஒவ்வொரு தொகுதிக்கும் மின்னோட்டத்தை வினாடிக்குப் பல ஆயிரம் முறை திருத்துகிறது. பெட்ரோல் எஞ்சினுக்கு நேர்மாறாக, நின்ற நிலையிலேயே முழுத் திருகுவிசை கிடைக்கும். கட்டைவிரல் கொஞ்சம் அதிகம் அழுந்தினால் பலகை காலுக்கு அடியிலிருந்து ஓடிவிடும். வினாடிக்கு வினாடி இரண்டு மீட்டர் என்ற மிதமான முடுக்கத்துக்கே உடம்பு பதினொன்றரைப் பாகை முன்னால் சாய வேண்டும். அந்தச் சாய்வை முன்கூட்டியே கொடுக்காதவர் பின்னால் விழுவார். புதியவர்களுக்கென்று வைத்திருக்கும் மெதுவேக நிலை இந்த முடுக்கத்தைத்தான் முக்கியமாகக் குறைக்கிறது. நன்றாக ஓட்டத் தெரிந்தவரும் காயத்துக்குப் பிறகு அந்த நிலையிலிருந்தே தொடங்குவது சரி.

பிரேக் அதைவிட அழகானது. பிரேக்கை இழுக்கும்போது அதே மோட்டார் மின்னாக்கியாக மாறுகிறது. சக்கரத்தின் ஓட்டம் மின்சாரமாகி மின்கலத்துக்குத் திரும்புகிறது, பலகை வேகம் குறைகிறது. இதில் ஒரு கண்ணி உண்டு. மின்கலம் நூறு சதவீதம் நிரம்பியிருந்தால் அந்த மின்சாரத்துக்குப் போக்கிடம் இல்லை. சில பலகைகளில் அப்போது பிரேக் வலுவிழக்கும், சிலவற்றில் மின்சுற்றே தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். மேட்டின்மேல் வீடு உள்ளவர் இரவெல்லாம் சார்ஜ் போட்டுவிட்டுக் காலையில் நேரே சரிவில் இறங்கினால், பிரேக் மிகவும் தேவைப்படும் இடத்தில் அது கைவிடலாம். கொஞ்சம் சமதரையில் ஓட்டிச் செலவழித்துவிட்டு இறங்க வேண்டும்.

சக்கரம் சிறியது. பொதுவாக 90 மில்லிமீட்டர் விட்டம். ஒரு சென்டிமீட்டர் உயரக் கூழாங்கல்மேல் அந்தச் சக்கரம் ஏற, அது சுமக்கும் எடையில் எண்பது சதவீதம் அளவுக்குக் கிடைவிசை வேண்டும் என்று எளிய வடிவியல் காட்டுகிறது. அதே கல்லின்மேல் மிதிவண்டிச் சக்கரம் ஏற இருபத்தைந்து சதவீதம் போதும். மிதிவண்டி கவனிக்காமலே கடந்துபோகும் கல், பலகையை அப்படியே நிறுத்திவிடும். மேலே நிற்பவர் நிற்பதில்லை. காற்றடைத்த பெரிய சக்கரங்கள் விற்பதற்குக் காரணம் இதுதான். முழங்கால் தேறிவருபவருக்கு அவை ஆடம்பரம் இல்லை.

திரும்பும் விதம் எளிமையானது. பலகையைச் சாய்த்தால், அடியிலுள்ள டிரக் என்னும் அச்சுத்தாங்கி, தன்னிடமுள்ள ரப்பர் போன்ற வளையங்களை நசுக்கிக்கொண்டு சாய்ந்த பக்கமே திரும்பும். கைப்பிடி இல்லை. கணுக்கால், முழங்கால், இடுப்பு மூன்றும் சேர்ந்ததே ஸ்டியரிங். வேகம் கூடும்போது பலகை தானாக இடமும் வலமும் துடிக்க ஆரம்பிப்பதுண்டு. ஓட்டுபவர்கள் வாபுள் என்று அஞ்சுவது இதைத்தான். புடாபெஸ்ட்டையும் பிரிஸ்டலையும் சேர்ந்த கணிதவியலர்கள் 2016இல் இதற்குச் சமன்பாடு எழுதினார்கள். ஹே குரோவ்ஸின் அதே பிரிஸ்டல், நூறாண்டு கழித்து. அவர்கள் பலகையை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை. மேலே நிற்கும் மனிதரையும், சாய்வை உணர்ந்து அவர் திருத்துவதற்கு ஆகும் தாமதத்தையும் சேர்த்தார்கள். குறைந்த வேகத்தில் தாமதமான திருத்தமும் வேலை செய்கிறது. வேகம் கூடும்போது அதே சிறு சாய்வு பெரிய திருப்பத்தைத் தருவதால், தாமதமாக வரும் திருத்தம் எதிர்ப்பக்கம் மிகையாகிறது. அதைத் திருத்தப் போனால் இன்னும் மிகை. ஒவ்வொரு வேகத்துக்கும் தாங்கக்கூடிய தாமதத்துக்கு ஓர் எல்லை உண்டு, அதைத் தாண்டினால் நடுக்கம் அடங்காது.

1993 ஆய்வின் எண்களை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மணிக்கு 24 கிலோமீட்டரில் பலகை 53 மில்லிவினாடிக்குள் 35 சென்டிமீட்டர் போகிறது; 99 மில்லிவினாடிக்குள் 66 சென்டிமீட்டர். ஏ.சி.எல். அறுந்த காலின் தசை விழித்துக்கொள்வதற்குள் பலகை கிட்டத்தட்ட தன் நீளத்தில் முக்கால் பங்கைக் கடந்துவிடும். கணுக்காலும் இடுப்பும் கைகொடுக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் காயத்துக்கு முன்பு நிதானமாகத் தோன்றிய வேகம் காயத்துக்குப் பிறகு அதே வேகமாக இருப்பதில்லை என்று நான் முடிவுகட்டுகிறேன். புடாபெஸ்ட்-பிரிஸ்டல் ஆய்வு இன்னொரு பயனுள்ள விடையும் தந்தது: பலகையின் மையத்துக்குச் சற்று முன்னால் எடை இருந்தால் அதிகத் தாமதத்தையும் தாங்க முடிகிறது. பழைய ஓட்டுநர்கள் ‘முன்காலில் சாய்ந்து நில்’ என்று சொல்லிவந்ததைச் சமன்பாடும் சொல்கிறது. அப்படியானால் காயம்பட்டது எந்தக் கால், முன்னால் வைப்பது எந்தக் கால் என்பதைக் கவனிக்க வேண்டும். முன்காலே காயம்பட்ட கால் என்றால் எடை தாங்கும் பயிற்சி முடியும்வரை பொறுக்க வேண்டும்.

முழங்காலை மடக்கி நிற்பது பாணிக்காக மட்டும் இல்லை. கால் நீண்டிருக்கும்போது தொடை முன்தசை இழுத்தால் கால் எலும்பு முன்னால் நகரப் பார்க்கும், அதுதான் ஏ.சி.எல்.லை இழுக்கும் திசை. மடங்க மடங்க அந்த இழுவை குறைகிறது, பின்னுக்கு இழுக்கும் பின்தசைக்கு நெம்புகோல் வசதி கூடுகிறது. சாலையின் அதிர்வை விழுங்கவும் மடங்கிய காலில்தான் இடம் இருக்கிறது.

வேகத்தை உயரமாக மாற்றிப் பார்த்தால் அதன் அளவு புரியும். மணிக்கு 15 கிலோமீட்டரில் உடம்பில் இருக்கும் ஆற்றல், 90 சென்டிமீட்டர் உயர மேசையிலிருந்து விழுவதற்குச் சமம். கலிபோர்னியச் சட்டம் அனுமதிக்கும் 24இல் அது 2.3 மீட்டர். இன்று கடையில் கிடைக்கும் பல பலகைகள் தொடும் 40இல் 6.3 மீட்டர், இரண்டாம் மாடித் தரையின் உயரம். வேகம் இரு மடங்கானால் உயரம் நான்கு மடங்கு. அந்த ஆற்றல் சாலையில் சறுக்கித் தேய்ந்தால் தோல் போகும். ஒரே இடத்தில் நின்றால் எலும்பு போகும். கையுறையிலும் முட்டிக்காப்பிலும் வெளிப்பக்கம் வழுக்கும் பிளாஸ்டிக் ஓடு வைத்திருப்பது, நிறுத்தத்தைச் சறுக்கலாக மாற்றத்தான். ஆனால் முட்டிக்காப்பு சிரட்டையைத்தான் காக்கும், முறுக்கலிலிருந்து ஏ.சி.எல்.லைக் காக்காது. சிரட்டைக்குக் கீழிருந்து நாண் எடுத்தவர்களுக்கு மண்டியிடுவதே நெடுநாள் வலிக்கும் என்பதால், முட்டியால் சறுக்கி விழும் உத்தியை அவர்கள் மறந்துவிடுவது நல்லது. தலைக்கவசத்துக்குள் இருக்கும் நுரை ஒருமுறை நசுங்கி ஆற்றலை வாங்கிக்கொள்ளும், திரும்ப எழாது. அமெரிக்காவின் மிதிவண்டித் தலைக்கவச விதியின்படி அதை இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து சமதளத்தின்மேல் போட்டுச் சோதிக்கிறார்கள். நின்ற இடத்திலேயே சாய்ந்து விழுபவரின் தலையும் ஏறக்குறைய அந்த உயரத்திலிருந்துதான் தரைக்கு வருகிறது. எவ்வளவு மெதுவாகப் போனாலும் தலைக்கவசம் தேவைப்படுவதற்கு இது ஒன்றே போதும்.

ஆனால் பலகை தடுமாறும்போது பெரும்பாலோர் விழுவதில்லை. குதித்து இறங்கி ஓடித்தான் சமாளிக்கிறார்கள். முழங்காலுக்கு மிகக் கடினமான கணம் அதுவே. பலகையின் மேற்பரப்பில் உப்புத்தாள் போன்ற சொரசொரப்பு ஒட்டியிருக்கிறது, காலணியை அது விடாமல் பற்றும். உடம்பு திரும்ப, பாதம் ஒட்டிக்கொண்டிருக்க, முறுக்கல் முழுவதும் முழங்காலுக்கு. விடுபட்ட பாதம் தரையைத் தொடும்போது, ஒற்றைக் காலில், முன்னோக்கிப் பாயும் உடம்பைத் தடுத்து நிறுத்தும் இறக்கம். ஓஸ்லோ வீடியோக்களில் நடந்தது கிட்டத்தட்ட இதுதான்: ஒற்றைக் கால் இறக்கம், திருப்பம், 40 மில்லிவினாடி.

மருத்துவர்கள் விளையாட்டுக்குத் திரும்ப அனுமதிக்கும் முன் வைக்கும் தாவல் சோதனை இங்கே அப்படியே பொருந்துகிறது. ஒற்றைக் காலில் ஒரு தாவல், தொடர்ந்து மூன்று தாவல், கோட்டின் இருபக்கமும் மாறி மாறித் தாவல், ஆறு மீட்டரை ஒற்றைக் காலில் தாவிக் கடக்கும் நேரம். காயம்பட்ட கால் நல்ல காலில் 90 சதவீதத்தைத் தொட வேண்டும். பலகையிலிருந்து இறங்கி ஓடுவது என்பது வேகத்தோடு சேர்ந்த ஒற்றைக் கால் தாவல். அந்தச் சோதனையில் தேறாதவருக்குப் பலகையின் எந்த வேகமும் பாதுகாப்பான வேகம் இல்லை. தேறியவருக்கும் மேல் எல்லை ஒன்று உண்டு: அவரால் இன்று எவ்வளவு வேகமாக ஓட முடிகிறதோ அதுவே பலகையின் உச்சம். மோட்டார் எழுதிவைத்த எண்ணுக்கு இதில் பேச்சில்லை.

முதல் சவாரிக்கு ஞாயிற்றுக்கிழமையின் காலியான கார் நிறுத்துமிடம் போதும். சமதரை, காய்ந்த தரை, கூட்டிப் பெருக்கியதுபோல் கல்லில்லாத தரை. மின்கலம் எண்பது சதவீதத்தில். மெதுவேக நிலை. ஓட்டுவதற்கு முன்பு, நடக்கும் வேகத்தில் பலகையிலிருந்து இறங்கிப் பழக வேண்டும்: முதலில் நல்ல காலால், பிறகு மற்றக் காலால், பாதம் போகும் திசையை நோக்கி, முழங்கால் மடங்கி, இரண்டு மூன்று எட்டு ஓடி. அது பயமில்லாமல் வரும்வரை ரிமோட்டின் அடுத்த நிலைக்குப் போக வேண்டியதில்லை. மறுநாள் காலையில் முழங்காலைத் தொட்டுப் பார்த்து, சிரட்டையின் இருபக்கக் குழிகளும் நல்ல காலில் தெரிவதுபோலவே தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். குழி நிரம்பியிருந்தால் உள்ளே நீர் சேர்ந்திருக்கிறது, தொடைத் தசை மீண்டும் மட்டுப்பட்டிருக்கிறது, அன்றைக்குப் பலகை சுவரோரம் நிற்கட்டும்.